கோடிங் வராத நர்ஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போகலாமா?

இந்த முறை வந்த கடிதம் ஆறு பக்கம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் ஒரு செவிலியர், வயது 33. பி.எஸ்சி. நர்சிங் முடித்து 10 வருடமாக அறுவை சிகிச்சை ஐ.சி.யூ.வில் இருக்கிறார். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. இரண்டு வருடமாக இடுப்பு வலி, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறார். மருத்துவமனை காகித சார்ட்டை விட்டு மின்னணுப் பதிவுக்கு மாறியபோது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொண்டவர் என்பதால் இவரையே வார்டின் 'சூப்பர் யூசர்' ஆக்கிவிட்டார்கள். யாருக்கு எந்தத் திரை புரியாவிட்டாலும் இவரைக் கூப்பிடுவார்கள். சம்பளம் அதேதான். ஒருநாள் ஐ.டி. பிரிவில் ஒருவர், "பேசாம எங்க பக்கம் வந்துடுங்க சிஸ்டர், நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ்னு தனித் துறையே இருக்கு" என்று சொல்லப்போக, அன்றிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை. (மருத்துவமனை மென்பொருளும் பதிவுகளும் செவிலியர் வேலைக்கு ஒத்துவரும்படி பார்த்துக்கொள்ளும் துறை அது.) போனில் பைத்தான் என்ற நிரல் மொழிப் பாடம் மூன்று வாரம் பார்த்தார், மண்டையில் ஏறவில்லை, விட்டுவிட்டார். ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஆறு மாதப் படிப்பு, முடித்ததும் வேலை உறுதி என்கிறது. ஆனால் வகுப்பு பகலில் என்பதால் வேலையை விட வேண்டும், கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டும். கணவரோ, "கம்ப்யூட்டர் படிச்சவங்களே வேலை தேடி அலையறாங்க, நீ போய் என்ன பண்ணப் போற?" என்கிறார். இதற்கெல்லாம் மேலே, "நோயாளியை விட்டுட்டு ஏசி ரூமுக்கு ஓடற மாதிரி இருக்கு" என்று அவருக்கே ஓர் உறுத்தல்.

சிஸ்டர், உங்கள் கடிதத்தின் நான்காவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு ஒரு தரம் சிறுநீர் அளவைப் பதிய வேண்டிய கட்டம் மூன்று மெனு தள்ளி எங்கோ ஒளிந்திருந்ததால், எல்லோரும் அளவை பிளாஸ்டர் துண்டில் எழுதி யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டு, ஷிப்ட் முடியும்போது மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தை வென்டிலேட்டர் அளவுகள் பதிகிற திரையிலேயே வைக்கச் சொல்லி நீங்கள் கேட்டீர்கள், ஐ.டி.யில் மாற்றிக் கொடுத்தார்கள், பிளாஸ்டர் துண்டுகள் காணாமல் போயின. இதை ஒரே வரியில் முடித்துவிட்டு, பைத்தான் வராததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அழுதிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரிதான் சிஸ்டர் இந்த வேலை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே சிறுநீர் இறங்கினால் யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியம் 2 மணிக்கே அது குறைந்துவிட்டது, பிளாஸ்டரிலும் எழுதியாயிற்று, ஆனால் திரையில் ஏறியது இரவு 8 மணிக்கு என்றால், நடுவில் வேறொரு தளத்திலிருந்து சார்ட்டைத் திறந்து பார்த்த டாக்டருக்கு ஆறு மணி நேரம் தெரிந்தது வெற்றுக் கட்டம். மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அதை எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண் மானிட்டரில் இருக்க, அடுத்த படுக்கையில் பம்ப் கத்திக்கொண்டிருக்கும்போது மூன்று மெனு தாண்டிப் போக ஆளில்லை என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும்.

இந்தத் துறை நேற்று முளைத்ததும் இல்லை. 1989-இல் கிரேவ்ஸ், கார்கரன் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு வரையறை எழுதினார்கள்: செவிலியப் பணியில் தரவு, தகவல், அறிவு ஆகிய மூன்றையும் கையாள்வது. 1992-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது, 1995-இல் அதற்கென்று தேர்வும் வந்துவிட்டது. வரையறை என்றதும் பயப்பட வேண்டாம், உங்கள் வார்டிலேயே சொல்லிவிடலாம். சிறுநீர்ப் பையில் 20 மில்லி என்பது தரவு. அறுவை முடிந்த முதல் நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரம் 20 என்பது தகவல். டாக்டருக்குப் போன் போடுவதற்கு முன்னால் கதீட்டர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று போர்வையைத் தூக்கிப் பார்ப்பது இருக்கிறதே, அது அறிவு. இந்த மூன்றாவதைக் கம்ப்யூட்டர் படித்தவருக்கு ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. உங்கள் கணவரின் கேள்விக்கும் பாதி பதில் இதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் படித்தவரோடு நீங்கள் போட்டி போடப் போவதில்லை. மீதிப் பாதி பணம் சம்பந்தப்பட்டது, அதில் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, பிறகு வருகிறேன்.

பைத்தான் கதை

பைத்தான் வராமல் போனதால் நீங்கள் தகுதியில்லாதவர் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். நான் 11 வருடம் வார்டில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள், வந்து 14 வருடம் ஆகிறது, இன்றுவரை வேலைக்காக ஒரு நிரலும் எழுதியதில்லை. எழுதத் தெரிந்த செவிலியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல மரியாதையும் உண்டு, ஆனால் அது இந்தத் துறையின் ஒரு மூலை.

நாள் முழுக்க நாங்கள் செய்வது வேறு. மருந்து கொடுக்கும் வேலை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்துப் படம் போடுவோம். எந்தத் திரையில் எந்தக் கட்டம், எது கட்டாயம், எச்சரிக்கை எப்போது வர வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை டாக்டர், மருந்தாளர், வார்டு இன்சார்ஜ் எல்லோரோடும் உட்கார்ந்து தீர்மானிப்போம். புது மாற்றம் வெளியே போவதற்கு முன் போலி நோயாளிகளை வைத்து அதை உடைத்துப் பார்ப்போம். பயிற்சி கொடுப்போம். அப்புறம், பதிவான டேட்டாவை எடுத்து அதில் எது உண்மை, எது ஒப்புக்கு நிரப்பியது என்று பிரிப்போம்.

இதற்குத் தேவையானதைப் படிக்கத்தான் வேண்டும். எக்செல்லில், பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் வரைக்கும் கை பழக வேண்டும். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்.க்யூ.எல். வினவல் ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குத் தெரிந்தால் ஐ.டி. ஆட்கள் உங்களைச் சுற்றிவிட முடியாது. தரநிலைகளின் பெயரும் வேலையும் தெரிந்திருக்க வேண்டும்: நோய், அறிகுறி, சிகிச்சை முறைகளுக்குப் பொதுக் குறியீடு கொடுக்கும் ஸ்னோமெட் சி.டி., ஆய்வகச் சோதனைகளுக்கும் அளவீடுகளுக்கும் லாய்ங்க், ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதற்கான எச்.எல்.7 மற்றும் அதன் புதிய வடிவமான ஃபயர். செவிலியப் பணிக்கென்றே ஐ.சி.என்.பி. என்ற சொல்தொகுதி உண்டு. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். "பெட் சோர்" என்று ஒருவரும் "அழுத்தப் புண்" என்று இன்னொருவரும் எழுதினால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வேறு நோய்கள் என்ற பிரச்சினை புரிந்தால் போதும், மற்றது தானாக வரும்.

ஏசி ரூம் என்று நினைப்பது

இடுப்புக்கு நிம்மதி கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நிம்மதியான வேலை என்று நினைத்து வராதீர்கள். புது மென்பொருள் ஓட ஆரம்பிக்கும் வாரத்தை நாங்கள் கோ-லைவ் என்போம். அந்த வாரம் தூக்கம் கிடையாது, இரவு 2 மணிக்கு அழைப்பு வரும், வார்டில் நேற்றுவரை தோளில் கை போட்டுப் பேசிய தோழி, "இந்த எழவ கண்டுபிடிச்சது நீதானா?" என்பாள். ஐ.டி.க்கு நீங்கள் எப்போதும் "அந்த நர்ஸ்", வார்டுக்கு எப்போதும் "அந்த ஐ.டி. ஆள்". இந்த நடுவழி உத்தியோகம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர் ஒரே வருடத்தில் வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள், இப்போது சந்தோஷமாக இருக்கிறார்கள்.

பொறுப்பும் சின்னதில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு குழந்தைகள் மருத்துவமனை, டாக்டர்கள் மருந்துக் கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் கொடுக்கும் முறைக்கு மாறியது. அதன்பின், வெளியிலிருந்து அங்கே மாற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியிருந்தது. குழந்தை உள்ளே வந்து பதிவாகும் வரை முன்கூட்டியே கட்டளை போட முடியவில்லை, மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன, படுக்கையருகே இருக்க வேண்டிய செவிலியரின் நேரம் திரைக்குப் போனது என்று ஆய்வாளர்கள் காரணம் காட்டினார்கள். அடுத்த வருடம் வேறொரு குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைப் போட்டுவிட்டுத் தன் கணக்கை வெளியிட்டது, அங்கே இறப்பு கூடவில்லை. மென்பொருள் ஒன்றே, கொண்டுவந்த விதம் வேறு. அந்த விதத்தைத் தீர்மானிக்கும் அறையில் வார்டு தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நல்ல பக்கமும் இருக்கிறது. நீங்கள் தினமும் மருந்து கொடுக்கும்போது நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்கிறீர்கள் இல்லையா, அந்த யோசனையே ஒரு செவிலியருடையது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக், 1992-இல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் ஒரு கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்து முடித்ததைப் பார்த்தார். காருக்குச் செய்வதை மருந்துக்குச் செய்யக் கூடாதா என்று கேட்டார். அவருக்கும் நிரல் எழுதத் தெரிந்திருக்க அவசியம் இருக்கவில்லை. 2010-இல் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்த ஆய்வில், மருந்து கொடுப்பதில் நேரம் சம்பந்தப்படாத பிழைகள் பார்கோடு இல்லாத பிரிவுகளில் 11.5 சதவீதம், இருந்த பிரிவுகளில் 6.8 சதவீதம்.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த இன்னோர் ஆய்வு, செவிலியர்கள் அதே பார்கோடை ஏமாற்ற 15 விதக் குறுக்கு வழிகளை வைத்திருப்பதைக் கண்டது. நோயாளியின் பார்கோடைக் கதவு நிலையில் ஒட்டி வைப்பது, வண்டியில் ஒட்டி வைப்பது, இப்படி. நீங்கள் சிரிப்பீர்கள், உங்கள் வார்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்தக் குறுக்கு வழிகளுக்கு 31 காரணங்களையும் அந்த ஆய்வே பட்டியல் போட்டது: பேட்டரி தீர்ந்த கருவி, நனைந்து கிழிந்த பட்டை, சிக்னல் கிடைக்காத மூலை. "நர்ஸுகள் சோம்பேறிகள்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகாமல், பேட்டரி ஏன் தீர்கிறது என்று கேட்கிறவர்தான் எங்களுக்கு வேண்டும்.

வேலை உறுதி என்ற ஆறு மாதப் படிப்பு

இதில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கடன் வாங்கி, இருக்கிற வேலையை விட்டு, இதில் சேர வேண்டாம்.

"முதலில் சான்றிதழ், பிறகு வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் கதை பெரும்பாலும் தலைகீழ். மேலே சொன்ன அந்த அமெரிக்கத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பில் இருக்கும் செவிலியர் உரிமம், பட்டம், இரண்டு வருட முழுநேரச் செவிலிய அனுபவம், கடைசி மூன்று வருடத்தில் துறை சார்ந்த 30 மணி நேரத் தொடர்கல்வி, இவற்றோடு அதே மூன்று வருடத்தில் 2,000 மணி நேரம் இந்தத் துறையிலேயே வேலை செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். முதுநிலையில் இதற்கான பாடங்களைப் படித்தவர்களுக்கு அந்த மணிக்கணக்கு குறையும். அதாவது, வேலை செய்தவருக்குத்தான் சான்றிதழ். அனுபவம் அதிகம் இல்லாதவர்களுக்காக, சுகாதாரத் தகவல் துறைக்கான ஹிம்ஸ் அமைப்பு நடத்தும் காஹிம்ஸ் என்ற ஆரம்ப நிலைத் தேர்வு உண்டு, அதற்கு வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இந்தப் பயிற்சி நிலையத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாகப் படித்து முடித்த குழுவில் எத்தனை பேர் செவிலியர்கள், அவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள்? வேலை கிடைக்காவிட்டால் கட்டணம் திரும்ப வருமா, எத்தனை நாளில்? "வேலை" என்று அவர்கள் சொல்வதில் மருத்துவக் குறியீட்டு வேலையும் தரவு உள்ளீடும் சேருமா? கடைசிக் கேள்வி முக்கியம். இந்த மாதிரி விளம்பரங்களில் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று சொல்லிவிட்டு, பில்லிங்குக்காகக் குறியீடு போடும் வேலைக்கு அனுப்புவது நிறைய நடக்கிறது. அதுவும் மரியாதையான வேலைதான், ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லையே.

முதுநிலைப் படிப்பு வேறு விஷயம். மேரிலாந்து பல்கலைக்கழகம் 1980களின் கடைசியிலேயே இதில் முதுநிலை ஆரம்பித்துவிட்டது, இப்போது பல இடங்களில் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற வகையிலும் இருக்கிறது. தலைமைப் பதவிக்குப் போக அது உதவும். ஆனால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிவதற்கு முன் இரண்டு வருடத்தையும் சேமிப்பையும் அதில் போடாதீர்கள்.

இப்போது கணவர் சொல்வதற்கு வருகிறேன். இரவு டியூட்டிப் படி, மிகைநேரப் பணம் எல்லாம் சேர்த்து உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். இந்தப் பக்கம் வந்தால் அடிப்படைச் சம்பளம் அதே அளவில் இருந்தாலும் இந்தப் படிகள் போய்விடும். முதல் ஒன்றிரண்டு வருடம் கையில் வருவது குறையலாம். இதை அவரோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள். "உனக்கு ஏன் இந்த ஆசை" என்ற பேச்சைவிட "மாதம் இவ்வளவு குறையும், இத்தனை மாதம் தாங்கலாமா" என்ற பேச்சு வீட்டில் நன்றாகப் போகும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகள்

மேலே சுருக்கத்தில் இதை நான் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். ஐந்தாவது பக்கத்தில், பிரச்சினையான திரைகளையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருப்பதாகவும், நேர்முகத் தேர்வில் காட்டலாம் என்று இருப்பதாகவும், இதுவரை நாற்பதுக்கு மேல் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிஸ்டர், அந்தத் திரைகளில் நோயாளியின் பெயர் இருக்கும், இல்லாவிட்டாலும் பதிவு எண் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், அறுவையின் பெயர் இருக்கும். பெயர் தெரியாமல் வெட்டிவிட்டேன் என்பது போதாது. அபூர்வமான ஓர் அறுவை, ஒரு தேதி, ஒரு வயது இருந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் சொந்த போனில் அது இருப்பதே ரகசியக் காப்பு விதியை மீறுவது. பெரும்பாலான நாடுகளில் சட்டமும் இதைத் தொடும், செவிலியர் பதிவுக்கே ஆபத்து வரலாம். அதைவிட, இதை நேர்முகத்தில் காட்டினால் எதிரே இருக்கிற என்னைப் போன்ற ஆள் முதல் படத்திலேயே உங்களை நிராகரித்துவிடுவார், ஏனென்றால் இந்தத் துறையின் முதல் பாடமே அது.

உங்கள் எண்ணம் தப்பில்லை, வழிதான் தப்பு. படங்களைப் போனிலிருந்தும், போன் தானாகச் சேமித்து வைக்கும் ஆன்லைன் கணக்கிலிருந்தும், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள். யாருக்காவது, தோழிக்குக்கூட, அனுப்பியிருந்தால் அதை மறைக்காமல் உங்கள் மருத்துவமனையில் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கிறவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அப்படி ஏற்கெனவே வெளியே போயிருந்தால், எதையும் அழிப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும், சரி. வெள்ளைத்தாளில் திரையைக் கையால் வரையுங்கள், கற்பனையான நோயாளி, கற்பனையான எண்கள். பக்கத்தில், முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை, எதனால் மாற்றினோம் என்று எழுதுங்கள். உங்கள் சிறுநீர் அளவுக் கதையை இப்படி ஒரு பக்கத்தில் வரைந்தால், நாற்பது ஸ்கிரீன்ஷாட்டைவிட அது பேசும். மென்பொருள் நிறுவனத்தோடு மருத்துவமனை போட்ட ஒப்பந்தத்தில் திரைகளை வெளியே காட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம் என்பதால் அச்சு அசலாக வரையாமல், விஷயம் புரிகிற அளவுக்கு மட்டும் வரையுங்கள்.

இப்போதைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது

நீங்கள் இப்போது நிற்கிற இடத்திலிருந்தே. சூப்பர் யூசர் வேலையை இரண்டு வருடமாகச் சும்மா செய்துகொண்டிருக்கிறீர்கள், அது எந்தக் காகிதத்திலும் இல்லை. முதலில் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு ஒரு கடிதம்: எந்தத் தேதியிலிருந்து, வாரத்தில் ஏறக்குறைய எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்குப் பயிற்சி, எந்தெந்த மாற்றம். சண்டை போடும் தொனி வேண்டாம். இந்தப் பொறுப்பை என் பணி விவரத்தில் சேர்க்க வேண்டும், வாரத்தில் ஒரு ஷிப்டையாவது இதற்கென ஒதுக்க வேண்டும் என்று கேளுங்கள். கூடுதல் படி கேட்பது உங்கள் உரிமை, கிடைப்பது பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. படி கிடைக்காவிட்டாலும் எழுத்தில் ஓர் ஒப்புதல் கிடைத்தால் நாளைக்கு அனுபவச் சான்றிதழில் அது வரும். சான்றிதழ்த் தேர்வுகள் கேட்கும் அந்த மணிக்கணக்கும் இப்படித்தான் சேரும்.

மருந்துப் பிழைகளை ஆராயும் குழு, படிவங்களைத் திருத்தும் குழு என்று ஏதாவது இருக்கும், யாரும் போக விரும்ப மாட்டார்கள். கை தூக்குங்கள். மென்பொருள் விற்ற நிறுவனத்தின் ஆட்கள் வரும்போது அவர்களோடு உட்கார வாய்ப்பு கேளுங்கள். அந்த ஐ.டி. நண்பரிடம், "எங்க வார்டில் இருந்து வர்ற புகார்களை ஒரு மாசம் என்கிட்ட கொடுங்க, நான் வகை பிரிச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவார். நோயாளி விவரம் இல்லாத பட்டியலாக வாங்குங்கள், எக்செல்லும் பழகிவிடும்.

மருத்துவமனையே பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்று முன்வந்தால் நல்லது, ஆனால் கையெழுத்துப் போடும் முன் எத்தனை வருடம் கட்டிப்போடுகிறார்கள், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், படித்த பிறகு எந்தப் பதவி தருவார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். பதவியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் பாண்டு மட்டும் இருந்தால், படித்துவிட்டு வந்து அதே இரவு டியூட்டி பார்க்க வேண்டி வரும். அப்புறம் எந்தப் பக்கம் போனாலும் செவிலியர் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதீர்கள். "இனிமே எதுக்கு" என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், திரும்ப வாங்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இடுப்பு வலியை மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க வைக்காதீர்கள். அதற்குத் தனியாக டாக்டரைப் பாருங்கள், எடை தூக்கும் வேலையிலிருந்து விலக்கு எழுதி வாங்குங்கள். வலிக்குத் தீர்வாக ஒரு புதுத் துறையைத் தேர்ந்தெடுப்பது இரண்டுக்கும் நல்லதில்லை.

நோயாளியை விட்டு ஓடுவதா?

இதற்கு ஆறுதல் சொல்வதைவிட என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் வந்த இரண்டாவது வருடம், வலி மதிப்பெண்ணை, அதுதான் 0 முதல் 10 வரை, கட்டாயக் கட்டமாக ஆக்கியது நான்தான். நிரப்பாவிட்டால் அடுத்த திரை திறக்காது. மூன்று மாதத்தில் பதிவு 100 சதவீதம், நான் அறிக்கை எழுதி எல்லோரிடமும் பாராட்டு வாங்கினேன். பிறகு ஒருநாள் சும்மா எண்களை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால், இரவு 12 மணிக்கு மேல் வார்டு முழுக்க 0. வயிற்றைத் திறந்து மூடி அன்றைக்குத்தான் வெளியே வந்த நோயாளிக்கும் 0. இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். "தூங்கறவரை எழுப்பி வலிக்குதான்னு கேக்கச் சொல்றியா? 'தூங்குகிறார்'னு போட உன் திரையில எங்க இடம் இருக்கு?" என்றார். வார்டில் இருந்தபோது நானும் தூங்குகிறவரை எழுப்பியதில்லை. ஒன்றரை வருடத்தில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

'தூங்குகிறார்' என்ற தேர்வைச் சேர்க்க எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். அதிலிருந்து மாதத்தில் ஒரு இரவு எந்த வேலையும் இல்லாமல் ஏதாவது ஒரு வார்டில் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஆகவே உங்கள் உறுத்தலைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அது உங்களிடம் இருக்கட்டும், இந்த வேலையில் அதற்கு நிறைய உபயோகம் உண்டு.

கடைசியில் சின்னதாக ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள், தயாராவதற்குப் புது லேப்டாப் வாங்கலாமா என்று. இப்போது வேண்டாம். யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். அடுத்த ஒரு மாதம், வார்டில் யார் எதைக் கம்ப்யூட்டருக்கு வெளியே, துண்டுத்தாளிலோ பிளாஸ்டரிலோ உள்ளங்கையிலோ எழுதினாலும், நேரத்தையும் எதனால் என்பதையும் குறித்து வையுங்கள், நோயாளி பெயர் இல்லாமல். நிரம்பியதும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.